எட்டு மீட்டர் சரிவு, மீதியெல்லாம் இருட்டு

மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ஊட்டி ரயில், குன்னூர் வரைக்கும் மணிக்கு 10, 12 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொள்ள, பின்னால் இருந்து இன்ஜின் தள்ளுகிறது. இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் குகை வந்ததும் பெட்டி முழுக்க ஒரே கூச்சல். அந்தப் பாதையில் மொத்தம் 16 குகைகள். ஆறேழு தாண்டிய பிறகும் கூச்சல் குறைவதில்லை. ரயிலின் வேகம் மாறவில்லை. கண்ணுக்கு எதிரே இருந்த பாதை மட்டும் காணாமல் போய்விட்டது.

கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர் என்ற கேளிக்கை ரயில்களின் மொத்தப் பிழைப்பும் இந்தக் கூச்சலில்தான் இருக்கிறது. வெளியில் ஓடும் கோஸ்டர்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் போட்டி போடுகின்றன. உள்ளே ஓடுகிறவை அந்தப் போட்டிக்கே போவதில்லை. சின்ன உயரம், நிதானமான வேகம், அவற்றோடு இருட்டு. பலர் நினைப்பது போல இந்த இருட்டு ஒரு அலங்காரச் செலவு அல்ல. சக்கரத்தையும் பிரேக்கையும் போலக் கணக்குப் போட்டு வைக்கப்படும் பாகம் அது. இரும்பில் மிச்சப்படுத்தும் காசை அது வேறு இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரோலர் கோஸ்டரின் வம்சாவளி ரஷ்யாவில் தொடங்குகிறது. மரச்சாரத்தின் மேல் பனிக்கட்டி பரப்பி, அதில் சறுக்கி விளையாடினார்கள். 1817ல் பாரிஸில் அதற்குச் சக்கரமும் தடமும் வந்தன. இன்னொரு கிளை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது. அங்கே மௌச் சங்க் என்ற ஊரில் 1827ல் நிலக்கரி இறக்குவதற்காக மலைச்சரிவில் தண்டவாளம் போட்டார்கள். கரி வண்டி தன் எடையிலேயே இறங்கும். காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். பிற்பாடு அதில் காசு கொடுத்து ஏறிப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். மலை ரயிலும் கேளிக்கை ரயிலும் ஒரே குடும்பம் என்று சொல்வது இதனால்தான்.

1884ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ஸன் 5 சென்ட் கட்டணத்தில் ஒரு சறுக்கு ரயில் ஓட்டினார். வேகம் மணிக்குப் 10 கிலோமீட்டருக்குப் பக்கம், அதாவது நம் ஊட்டி ரயில் வேகம். கூட்டம் அள்ளியது. ஆனால் தாம்ஸனை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவருவது அதற்கு மூன்று வருஷம் கழித்து அவர் செய்த வேலை. 1887ல் அட்லாண்டிக் சிட்டியில் அவர் போட்ட பாதையில் மூடிய குகைகள் இருந்தன. உள்ளே கும்மிருட்டு. வண்டி குறிப்பிட்ட இடத்தைக் கடந்ததும் விளக்குகள் எரிந்து, சுவரில் தீட்டிய காட்சிகள் சட்டென்று தெரியும். பாதையும் இருட்டும் ஒளியும் சேர்ந்து ஒரே ஆட்டமானது அங்கேதான்.

1928ல் லியோன் காசிடி என்பவர் கோஸ்டர் கலப்பில்லாமல், ஒற்றைத் தண்டவாளத்தில் இருட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் மலிவான வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். மாரியம்மன் நோம்பிக்கு ஈரோடு, சேலம் பக்கம் ராட்டினத் திடலில் கொலம்பஸுக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே தகரத்தாலும் படுதாவாலும் எழும்பும் ‘பேய் வீடு’ இந்த வகைக்குத் தூரத்துச் சொந்தம். அதில் வேகமே கிடையாது. இருந்தும் வெளியே வரும்போது பாதிப்பேர் முகம் வெளுத்துத்தான் வருகிறார்கள்.

அப்புறம் நடந்ததில் இரும்பின் பங்கு பெரிது. பழைய கோஸ்டர்களில் பலகைகளை அடுக்கி அதன் மேல் பட்டை இரும்பு அடித்திருப்பார்கள். அதை இஷ்டத்துக்கு முறுக்க முடியாது. 1959 ஜூனில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறந்த மாட்டர்ஹார்ன் கோஸ்டருக்கு ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம் எஃகுக் குழாயையே தண்டவாளமாக வளைத்துப் போட்டது. குழாய் எந்தப் பக்கமும் வளையும், எந்தக் கோணத்திலும் முறுகும். சின்ன இடத்துக்குள் பாதையைச் சுருட்டி வைக்கலாம் என்றானதும், அதற்கு மேல் கூரை போடுவது சாத்தியமாகிவிட்டது.

இந்த வகையில் அதிகம் பெயர்பெற்றது டிஸ்னி பூங்காக்களின் ஸ்பேஸ் மவுன்டன். விண்வெளி நிலையம் மாதிரி ஒன்று வேண்டும் என்று வால்ட் டிஸ்னி 1960களின் நடுவிலேயே யோசித்தார். அவருடைய வடிவமைப்பாளர் ஜான் ஹென்ச் கூம்பு வடிவ மலையை வரைந்தார். ஆனால் ஒரே இருட்டுக்குள் பல வண்டிகளை மோதாமல் ஓட்ட அன்றைக்கு இருந்த கம்ப்யூட்டர்களை நம்ப முடியவில்லை. 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துபோனார். கம்பெனியின் கவனம் புளோரிடாவுக்குத் திரும்பியது. கடைசியில் 1975 ஜனவரி 15ல் புளோரிடாவில்தான் முதல் ஸ்பேஸ் மவுன்டன் திறந்தது. கலிபோர்னியாவுக்கு அது வர 1977 மே ஆனது.

உலகின் முதல் இருட்டுக் கோஸ்டர் என்ற பட்டத்தை இதற்கே கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மிசௌரி மாநிலத்தின் சில்வர் டாலர் சிட்டி பூங்காவில் ‘ஃபயர் இன் த ஹோல்’ என்ற உள்ளரங்கக் கோஸ்டர் 1972லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. தீப்பிடித்து எரியும் ஊருக்குள் வண்டி போவதாகக் கதை. சின்னதுதான், ஆனால் மூன்று வருஷம் மூத்தது. ஸ்பேஸ் மவுன்டன் செய்தது வேறு: கதையையும் பொம்மையையும் குறைத்துக்கொண்டு, இருட்டையே பிரதானமாக விற்றது.

புளோரிடாக் கட்டடம் சுமார் 55 மீட்டர் உயரம், 90 மீட்டர் அகலம். அதைத் தாங்கும் கான்கிரீட் விலா எலும்புகள் எல்லாம் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு இருக்கின்றன. பார்க்க அழகாக இருந்தாலும் காரணம் அழகு அல்ல. விலாக்கள் வெளியே போய்விட்டால் உள்கூரை வழவழவென்று இருக்கும்; அதன் மேல் நட்சத்திரங்களையும் விண்கற்களையும் படமாக வீசலாம். இதைச் சொன்னவர் ஹென்ச். பாதைக் கணக்கைப் போட்டவர் பில் வாட்கின்ஸ் என்ற இன்ஜினீயர். ஆல்ஃபா, ஒமேகா என்று ஏறக்குறைய கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு பாதைகள், ஒவ்வொன்றும் சுமார் 970 மீட்டர். கலிபோர்னியாவில் ஒரே பாதைதான். அங்கே கட்டடம் பூங்காவின் நடுவே உள்ள கோட்டையை அமுக்கிவிடக் கூடாது என்று தரையைத் தோண்டி அடிப்பகுதியைக் கீழே இறக்கினார்கள்.

புளோரிடா ஸ்பேஸ் மவுன்டனின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் இந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 8 மீட்டர் சரிவில் இறங்கும் எதற்கும் இந்த வேகம் வந்துவிடும். மூன்று மாடிக்கும் குறைவான உயரம். ஆனாலும் இறங்கி வருகிறவர்கள் எண்பது, தொண்ணூறு இருந்திருக்கும் என்கிறார்கள். செங்குத்தாக விழுந்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய காது அப்படித்தான் சொல்லியிருக்கும்.

உள்காதில் இரண்டு வகை உணரிகள் இருக்கின்றன. அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை அறியும். அவற்றுக்குக் கீழே நுண்ணிய சுண்ணக் கற்கள் பதிந்த பைகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் சாய்வையும் அறியும். இந்தக் கற்களுக்கு ஒரு குறை உண்டு: உடல் சாய்ந்திருக்கிறதா, வேகம் கூடுகிறதா என்று அவற்றால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வெளிச்சம் இருக்கும்போது அந்தக் குறையைக் கண் சரிக்கட்டுகிறது. இருட்டில் அந்த உதவி போய்விடுகிறது. சூலூரில் பறக்கும் விமானிகளைக் கேட்டால் இதை இன்னும் நன்றாக விளக்குவார்கள். மேகத்துக்குள் புகுந்துவிட்டால் உன் உடம்பை நம்பாதே, மீட்டரை நம்பு என்றுதான் விமானிகளுக்குப் பயிற்சி.

இதைக் கோஸ்டரின் வளைவில் வைத்துப் பாருங்கள். 45 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆர வளைவைத் திரும்பினால், பக்கவாட்டில் புவியீர்ப்பைப் போல 1.6 மடங்கு விசை தள்ளும். பாதை மட்டமாக இருந்தால் விலா நொறுங்குகிற மாதிரி பக்கத்துக் கம்பியில் மோதுவோம். அதனால் பாதையைச் சுமார் 58 டிகிரி சாய்க்கிறார்கள். அப்போது புவியீர்ப்பும் பக்கவிசையும் கூடி, நேராக இருக்கைக்குள் அமுக்கும். கிட்டத்தட்ட 1.9 மடங்கு எடை. வெளிச்சத்தில் இதே வளைவு ‘ஓ, வலது பக்கம் திரும்புகிறோம்’ என்று தெரியும். இருட்டில் பக்கம் எது என்றே புரியாது. உடம்பு திடீரென்று கனத்துவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த நொடி வளைவு முடிந்து எடை குறைந்தால், மூளை அதைப் பள்ளத்தில் விழுவதாகப் படிக்கிறது. அங்கே பள்ளமே இருக்காது.

கழுத்தின் கதை இன்னும் முக்கியம். முன்னால் வளைவு வருவதைக் கண் பார்த்துவிட்டால், நாம் நினைக்காமலே கழுத்தும் இடுப்பும் முன்கூட்டியே இறுகிவிடும். இருட்டில் அந்த முன்னறிவிப்பு இல்லை. தள்ளிய பிறகுதான் தசை விழித்துக்கொள்கிறது. அதனால் அதே விசை அதிகமாகப் படுகிறது. இது வடிவமைப்பாளருக்கு லாபம், ஆபத்தும்கூட. வெளியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சின்னக் குலுக்கல் உள்ளே தலையைக் கம்பியில் இடிக்க வைத்துவிடும். நல்ல இருட்டுக் கோஸ்டரில் பாதை வழவழப்பாக இருக்க வேண்டும். மோசமான வெல்டிங்கை மறைக்க இருட்டு உதவும் என்று யாராவது நினைத்தால், முதல் வாரத்திலேயே கழுத்து வலிக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

அடுத்தது வெளிச்சத்தை அளந்து போடும் வேலை. மனிதக் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் மெல்ல மெல்ல மங்கலான கூடங்கள் வழியாக வந்தால், வண்டியில் ஏறுவதற்குள் அவர்கள் கண் பழகி, இரும்புச் சாரமெல்லாம் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் ஏற்றத்துக்குச் சற்று முன்னால் விளக்குகள் பளிச் பளிச்சென்று அடிக்கும் ஒரு குகை வைக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது ராக்கெட் கிளம்பும் காட்சி. உண்மையில் அது கண்ணைக் கூச வைத்து, பழகிய இருட்டைக் கலைத்துவிடும் உத்தி. நட்சத்திரப் புள்ளிகளிலும் கணக்கு உண்டு. பக்கத்தில் உள்ள புள்ளி சரேலென்று பின்னால் ஓடும், தூரத்துப் புள்ளி அசையாது. இரண்டும் கலந்திருந்தால் வேகம் கூடியதாகத் தோன்றும். புள்ளிகள் ரொம்ப அதிகமானால் தண்டவாளம் தெரிந்துவிடும். முகத்தில் காற்று அடிக்க ஆங்காங்கே மின்விசிறியும் வைப்பார்கள். இவ்வளவையும் இன்றைக்கு ஒரு செல்போன் திரை கெடுத்துவிடுகிறது.

1995ல் பாரிஸ் டிஸ்னி பூங்காவின் ஸ்பேஸ் மவுன்டன் பீரங்கியிலிருந்து சுடுவது போல வண்டியை எறிந்தது, தலைகீழாகவும் புரட்டியது, ஓட்டத்தோடு இழைந்த இசையை இருக்கையிலேயே ஒலிக்க வைத்தது. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிட ருசியான கதை 1996ல் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட், கிங்ஸ் டொமினியன் பூங்காக்களில் வந்த ‘ஃபிளைட் ஆஃப் ஃபியர்’. பிரீமியர் ரைட்ஸ் கம்பெனி செய்தது. வண்டியைச் சங்கிலியால் உயரத்துக்கு இழுக்கும் ஏற்றம் அதில் கிடையாது. நின்ற இடத்திலிருந்து சுமார் 4 நொடியில் மணிக்கு 87 கிலோமீட்டர். தள்ளுவது மோட்டார், அதுவும் கோவை பம்ப்செட்டுக்குள் இருக்கும் அதே இண்டக்‌ஷன் மோட்டாரின் தத்துவம்.

இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937ல் உருவாக்கியதாகப் பெருமை பேசும் ஊர் கோவை, ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு பெயர்களை இங்கே அறியாதவர் இல்லை. வைண்டிங் கடைப் பையனுக்குத் தெரியும், அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் சுற்றும், அது உள்ளே சுழலும் பாகமான ரோட்டாரைக் கூடவே இழுக்கும் என்று. அந்த வட்டமான ஸ்டேட்டரை நீளவாக்கில் வெட்டி, தரையில் நேராக விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது காந்தப்புலம் சுற்றாமல் நேர்கோட்டில் ஓடும். வண்டிக்கு அடியில் ஒரு உலோகத் தகட்டைத் தொங்கவிட்டால் அதுதான் ரோட்டார். தொடாமலே அது இழுத்துக்கொண்டு போகும். உரசும் பாகம் இல்லை, தேய்மானம் குறைவு. முக்கியமாக, உயரத்துக்கு ஏற்றி இறக்க வேண்டியதில்லை என்பதால் கூரையைத் தாழ்வாகவே கட்டலாம். உள்ளே நான்கு தலைகீழ்ப் புரட்டல்கள், நூல்கண்டு சிக்கலாய்ப் பாதை.

அந்தக் கோஸ்டருக்கு முதலில் தோள்மேல் இறங்கும் பூட்டுக் கம்பி வைத்திருந்தார்கள். இருட்டில் தலை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் காது இரண்டும் அடிவாங்கின. 2001ல் அதை எடுத்துவிட்டு மடிமேல் இறங்கும் கம்பிக்கு மாற்றினார்கள். கழுத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

2022ல் புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் திறந்த ‘காஸ்மிக் ரீவைண்ட்’ இன்னும் ஒரு படி போனது. பின்புறமாக ஏவப்படும் வண்டி, ஓடும்போதே பயணிகளை வேண்டிய காட்சியின் பக்கம் திருப்பிக் காட்டுகிறது. டோக்கியோவில் 1983லிருந்து ஓடிய ஸ்பேஸ் மவுன்டனை 2024 ஜூலையோடு மூடி, புதிதாகக் கட்டுகிறார்கள்.

சரி, இருட்டு எதைத் திருப்பிக் கேட்கிறது? முதலில் கண்காணிப்பை. வெளியில் ஓடும் கோஸ்டரை ஆபரேட்டர் கண்ணால் பார்த்துவிடலாம். உள்ளே அகச்சிவப்புக் கேமராவும் சென்சாரும்தான் கண். ஈரோடு ஜங்ஷனுக்கு வரும் ரயில்களுக்கு உள்ள அதே பிளாக் முறைதான் இங்கேயும். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரே வண்டி. முன் துண்டு காலியாகாவிட்டால் பின்னால் வருவதை பிரேக் பிடித்து நிறுத்தும். நிற்கும் இடத்தில் லேசான சரிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கை விட்டாலும் வண்டி நகராது. ஒவ்வொரு பிரேக் இடமும் ஓட்டத்தைக் கொஞ்சம் மந்தமாக்கும். அதை மறைக்கத்தான் அந்த இடத்தில் ஒரு விளக்கோ சத்தமோ வைக்கிறார்கள். ஏதாவது கோளாறு என்றால் எல்லா வண்டிகளும் அங்கங்கே நிற்கும், பெரிய விளக்குகள் எரியும், பாதை ஓர நடைமேடை வழியாக ஜனங்களை இறக்குவார்கள். விளக்கு எரிந்த பிறகு பார்த்தால் சுற்றிலும் வெறும் கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்பும் கேபிளும்தான்.

கூரை போட்டதில் ஒரு நல்லதும் உண்டு. இடி, மழை என்று நிறுத்த வேண்டியதில்லை. பாலியூரிதேன் பூசிய சக்கரங்கள் குளிரில் மெதுவாகவும் சூட்டில் வேகமாகவும் ஓடும் குணம் உள்ளவை. உள்ளே வெப்பம் ஒரே அளவில் இருந்தால் வண்டியும் ஒரே மாதிரி ஓடும். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு பெரிய ஷெட்டைக் குளிராக வைக்க என்ன கரண்ட் பில் வரும் என்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான விலை தீ. 1984 மே மாதம் நியூஜெர்சியின் ஒரு பூங்காவில், நடந்து பார்க்கும் பேய்மாளிகை ஒன்று தீப்பிடித்து எட்டு இளைஞர்கள் இறந்தார்கள். இருட்டும் குறுகலும் சேர்ந்த இடத்தில் புகை வந்தால் வாசல் தெரியாது. அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர்த் தெளிப்பான், புகை உணரி விஷயத்தில் அமெரிக்க விதிகள் இறுகின. நமக்கு இது தூரத்துச் சேதியும் இல்லை. 2024 மே 25ல் ராஜ்கோட்டில் தகர ஷெட்டுக்குள் நடந்த விளையாட்டு மையம் எரிந்து 27 பேர் உயிரிழந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு.

இந்தியாவில் இந்த வகைக்கு எடுத்துக்காட்டு மும்பை–புனே வழியில் கோபோலி அருகே உள்ள இமேஜிக்காவின் ‘டீப் ஸ்பேஸ்’. பூங்கா 2013ல் திறந்தது. கோஸ்டர் அதே பிரீமியர் ரைட்ஸ் செய்தது. கொங்கு நாட்டில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும் கோவைக் கொண்டாட்டமும் தண்ணீரை நம்பிப் பிழைக்கின்றன. வெயில் காலத்தில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கோஸ்டர் வேண்டும் என்கிறவர்கள் கொச்சிக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்று கட்ட முடியுமா என்று கேட்டால், இரும்பு வேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழாய் வளைக்க, மோட்டார் சுற்ற, பேரிங் போட, பஸ் பாடி கட்ட கோவையிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் கை தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் 8 மீட்டர் சரிவுக்கு ஆகும் செலவு இதில் சின்னப் பங்குதான். கூரை, குளிர்சாதனம், பிளாக் கட்டுப்பாடு, தெளிப்பான், இறக்கிவிடும் நடைமேடை, தினமும் காலையில் பாதை முழுக்க நடந்து நட்டு நட்டாகப் பார்க்கும் ஆள் என்று பட்டியல் போகும். இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்த பிறகும் முதலீடு செய்ய யாராவது வந்தால் சந்தோஷம்தான்.

அதற்கு முன்னால் நம் திடலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. நோம்பிக்கு எழும்பும் பேய் வீட்டில், “கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோ கண்ணு” என்று டிக்கெட் கிழிக்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பெரும்பாலும் உள்ளே போகவும் வரவும் ஒரே சந்துதான், சுற்றிலும் படுதா, ஜெனரேட்டர் வயர் தரையில் கிடக்கும். அனுமதி கொடுக்கிறவர்கள் இரண்டாவது வாசல் ஒன்றும், கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி விளக்கு நான்கும் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். இதற்குக் கோடிக்கணக்கில் முதலீடு வேண்டாம்; அடுத்த நோம்பிக்கே செய்துவிடலாம்.